வீட்டு ஸ்டூடியோவுக்கு எந்த ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி? இலவசம் எதுவரை போதும், காசை எங்கே போடலாம்

"கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, நல்ல ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லிவிடுவது சுலபம். (ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி என்பது வயலின் குடும்பத்து வாத்தியங்களின் பதிவுகளைக் கணினியில் கீபோர்டால் வாசிக்கத் தரும் ஒலித்தொகுப்பு.) ஆனால் அந்தப் பதில் பாதிப் பேருக்குப் பொருந்தாது. ஸ்ட்ரிங்ஸை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது முதலில் தெரிய வேண்டும். பாடுபவருக்குப் பின்னால் கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்த ஒலி) பிடித்து நீளமாக நிற்கும் ஹோல்டிங்கா? குறும்படத்தில் துரத்தல் காட்சிக்கு வில்லைத் துள்ளவிட்டு விடாமல் அடிக்கும் ஸ்பிக்காட்டோவா? இடையிசையில் வயலின்கள் சேர்ந்து பாடும் மெட்டா? முதல் இரண்டுக்கும் இன்றைக்கு இலவசமாகக் கிடைப்பதே போதும். மூன்றாவதற்குத்தான் காசு தேவை. அந்த மெட்டில் கமகமும் வேண்டும் என்றால் எந்த லைப்ரரியையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்தப் பணத்தை ஒரு வயலின் கலைஞருக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரு லைப்ரரியின் விலை எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். கலைஞர்களை ஒரு ஹாலில் உட்காரவைத்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் மென்மையாக, நடுத்தரமாக, அழுத்தமாகத் தனித்தனியே வாசிக்கவைத்துப் பதிவு செய்கிறார்கள். கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் மாட் வீல் என்ற சக்கரத்தை நீங்கள் மேலே தள்ளும்போது மென்மையான பதிவு மறைந்து அழுத்தமான பதிவு முன்னுக்கு வருகிறது. குட்டை ஸ்வரங்களில் ஒரே ஸ்வரத்தைப் பல முறை வாசிக்கவைத்து, மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்கிறார்கள். இதைத்தான் ரவுண்ட் ராபின் என்கிறோம். இதுவரை செலவு கட்டுக்குள் இருக்கும். லெகாட்டோவுக்கு, அதாவது ஸ்வரங்களை இடைவெளியின்றி இணைத்து வாசிப்பதற்கு, வந்ததும் எகிறிவிடும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த நகர்வையே பதிவு செய்ய வேண்டும். ச–ரி, ச–க, ச–ம என்று ஒரு ஸ்தாயி முழுக்க, ஏறும்போதும் இறங்கும்போதும், ஒவ்வொரு தொடக்க ஸ்வரத்துக்கும், இரண்டு மூன்று வேகத்தில். முதல் வயலின்களுக்கு மட்டுமே பதிவுகள் ஆயிரக்கணக்கில் போகும். அதன் பிறகு அத்தனையையும் வெட்டி, ஒட்டு தெரியாமல் பொருத்த வேண்டும். இலவச லைப்ரரிகளில் பெரும்பாலும் இந்த ஒன்று மட்டும் இருக்காது. அதனால்தான் ஹோல்டிங்குக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, மெட்டுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இலவசம்

ஆப்பிளின் லாஜிக் புரோ இசைப்பதிவு மென்பொருளை வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு மேலே படிக்கலாம். 2018-இல் வந்த 10.4 பதிப்பிலிருந்து ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ் அதோடு சேர்ந்தே வருகிறது. முதல் வயலின்கள், இரண்டாம் வயலின்கள், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று பகுதி பகுதியாக இருக்கிறது. ஒலி சற்றே தட்டையானதுதான். ஆனாலும் பாட்டுக்குப் பின்னணியாகத் தாராளமாகப் போதும். மேக் வைத்திருக்கும் பலர் இதைத் திறந்துகூடப் பார்க்காமல் வெளியே தேடுகிறார்கள்.

விண்டோஸ், மேக் இரண்டுக்கும் பொதுவாக நான் முதலில் கைகாட்டுவது ஸ்பிட்ஃபயர் ஆடியோவின் பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர். பிபிசி சிம்ஃபனி இசைக்குழுவை லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவில் பதிவு செய்து 2019-இல் ஒரு பெரிய லைப்ரரி வெளியிட்டார்கள். அதன் சுருங்கிய வடிவம் இது, 2020-இல் வந்தது. தொடக்கத்தில் 49 டாலர் விலை வைத்திருந்தார்கள். பணம் கொடுக்க முடியாதவர்கள் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு 14 நாள் காத்திருந்தால் சும்மாவே கிடைத்தது. பிறகு முழுக்க இலவசமாகிவிட்டது. அளவு ஏறத்தாழ 200 எம்பிதான், அதற்குள் ஸ்ட்ரிங்ஸ் மட்டுமல்லாமல் முழு ஆர்கெஸ்ட்ராவும் இருக்கிறது. 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப்பிலும் இருபது டிராக் திறந்து வைத்துத் திக்காமல் வேலை செய்யலாம். பல லைப்ரரிகளை ஓட்டும் கான்டாக்ட் என்ற மென்பொருள் இதற்குத் தேவையில்லை, பதிவு மென்பொருளுக்குள் தனி பிளகினாகவே ஓடும்.

ஒவ்வொரு ஸ்ட்ரிங்ஸ் பகுதிக்கும் நீளம், ஸ்பிக்காட்டோ, பிட்சிகாட்டோ (விரலால் மீட்டுவது), டிரெமலோ (வில்லை வேகமாக அதிரவிடுவது) என்று நான்கு வாசிப்பு முறைகள். மூல லைப்ரரியில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, பாஸ் 8 என்று 60 பேர் வாசித்திருக்கிறார்கள். அதனால் செல்லோவையும் பாஸையும் சேர்த்து ஒரு ஹோல்டிங் பிடித்தாலே பெரிய ஹாலின் கனம் வந்துவிடும். எதிரொலியும் பதிவிலேயே இருக்கிறது, ரிவெர்ப் தேடி அலைய வேண்டாம்.

குறை எங்கே தெரியும் என்பதை ஒரே ஒரு சோதனையில் கேட்டுவிடலாம். வேகத்தை நிமிடத்துக்கு 72 துடிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஹம்சத்வனியில் ச ரி க ப நி என்று ஒரு துடிப்புக்கு ஒரு ஸ்வரமாக, முதல் வயலின் நீளத்தில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் புதிதாக வில்லை வைத்துத் தொடங்குவது காதில் விழும். ரி முடிந்து க வருவதற்கு முன் ஒலி லேசாக உள்ளே போய் மறுபடி வீங்கி எழும். ஐந்து ஸ்வரத்துக்கு ஐந்து வீக்கம். மாட் வீலைக் கவனமாக ஏற்றி இறக்கி, ஸ்வரங்களை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியவிட்டால் பள்ளம் குறையும், முழுக்க மறையாது. அதே ஐந்து ஸ்வரத்தையும் ஸ்பிக்காட்டோவில் அரைத் துடிப்பாக எழுதினால் எந்தக் குறையும் தெரியாது. கார்டாகப் பிடித்தாலும் தெரியாது. இந்தச் சோதனையைச் செய்து பார்த்த பிறகு, உங்கள் பாட்டுகளில் அந்தப் பள்ளம் உண்மையிலேயே வெளியே தெரிகிற இடங்கள் எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே பாடகர் இருக்கிறார், கிட்டார் இருக்கிறது, தாளம் இருக்கிறது என்றால் பல பாட்டுகளில் ஓரிடம்கூட இருக்காது.

மற்ற இலவசங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொனாட்டினா சிம்ஃபனிக் ஆர்கெஸ்ட்ராவும் அதன் பதிவுகளை மற்றவற்றோடு கோத்து உருவான வர்ச்சுவல் பிளேயிங் ஆர்கெஸ்ட்ராவும் எஸ்எஃப்இசட் என்ற கோப்பு வடிவில் இருப்பவை. பிளோக் நிறுவனத்தின் இலவச ஸ்ஃபோர்சாண்டோ பிளேயரில் ஓடும். மிகப் பழைய கணினியில் வேலை செய்பவர்களுக்கும், லினக்ஸில் இருப்பவர்களுக்கும் இவை வரப்பிரசாதம். ஒலியில் டிஸ்கவருக்குப் பின்னால்தான். ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸ் இலவசமாகத் தரும் லேயர்ஸ், பெர்லினின் டெல்டெக்ஸ் ஸ்டூடியோவில் பதிவானது. கார்டுகளுக்கு அழகாக இருக்கும், தனி மெட்டுக்கு ஆகாது. நொட்டேஷன் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. மியூஸ்ஸ்கோர் 4 வெளியானபோது, 2022 டிசம்பரில், அதோடு மியூஸ் சவுண்ட்ஸ் என்ற இலவச ஒலித்தொகுதியும் வந்தது. ஸ்வரங்களுக்கு மேல் ஸ்லர் வளைவு போட்டால் ஸ்ட்ரிங்ஸ் அதற்கேற்ப இணைத்து வாசிக்கிறது. ஒரு காசு செலவில்லாமல் லெகாட்டோ கேட்க வேண்டுமானால் இன்றைக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். அந்த மென்பொருளுக்குள் எழுதி, ஆடியோவாக வெளியே எடுத்து, கியூபேஸ், ரீப்பர் போன்ற பதிவு மென்பொருளில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்வரத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் போய் வர வேண்டியிருக்கும். அவசர வேலைக்கு ஒத்துவராது. ஏற்பாட்டை முழுக்கத் தாளில் முடித்துவிட்டுப் பதிவுக்கு உட்காருபவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இலவசத்துக்கும் பெரிய விலைக்கும் நடுவே 29 டாலரை ஒட்டி ஸ்பிட்ஃபயரின் ஒரிஜினல்ஸ் வரிசையில் எபிக் ஸ்ட்ரிங்ஸ், இன்டிமேட் ஸ்ட்ரிங்ஸ் போன்றவை இருக்கின்றன. திறந்தவுடன் ஒலி பிடித்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிஸ்கவர் செய்யாத எதையும் இவை மெட்டு விஷயத்தில் செய்துவிடுவதில்லை. இப்படி மூன்று நான்கு சின்ன லைப்ரரிகளை வாங்கிச் சேர்ப்பதைவிட அந்தப் பணத்தை ஒதுக்கிவைத்து, பிறகு ஒரே பெரிய லைப்ரரியாக வாங்குவதே மேல். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

மெட்டுக்கு: சினிமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ்

காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் நான் சொல்வது இதைத்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள டிராக்டவுன் ஸ்டூடியோவில் பதிவு செய்யப்பட்டு 2016-இல் வெளிவந்தது. பட்டியல் விலை 399 டாலர். இன்றைய மாற்று விகிதத்தில் 35,000 ரூபாய்க்கு முன்னே பின்னே வரும், வங்கி பிடிக்கும் அயல்நாணயக் கட்டணம் தனி. வீட்டு ஸ்டூடியோவுக்கான "மலிவு" லைப்ரரிகளில் இதைச் சேர்க்கலாமா என்று தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ளவற்றோடு சேர்த்துத்தான் இதைப் பேசுகிறார்கள். ஒருமுறை வாங்கினால் அடுத்த லைப்ரரி தேட வைக்காது. மலிவு என்பதை நான் அப்படித்தான் கணக்கிடுகிறேன்.

இதில் வாசிப்பவர்கள் எண்ணிக்கை பிபிசியைவிடக் குறைவு: முதல் வயலின் 10, இரண்டாம் வயலின் 7, வயோலா 7, செல்லோ 6, பாஸ் 5. ஒலி இருண்டது, சூடானது, நெருக்கமானது. ஹாலின் எதிரொலி குறைவாகவே இருப்பதால் ரிவெர்ப் நீங்கள்தான் போட வேண்டும். பாட்டுக்கு அது வசதி, பாடகரின் ரிவெர்ப்போடு ஸ்ட்ரிங்ஸை ஒரே இடத்தில் உட்காரவைக்கலாம். எந்த வாசிப்பு முறைக்குப் போனாலும் மாட் வீல் ஒரே விதத்தில் வேலை செய்யும், ஐந்து பகுதிகளுக்கும் பொத்தான்கள் ஒன்றே. ஒரு நாள் பழகினால் கை தானாகப் போகும். இந்த ஒழுங்கைப் பல விலையுயர்ந்த லைப்ரரிகளில்கூடப் பார்க்க முடியாது.

அந்த ஹம்சத்வனி வரியை இங்கே எழுதினால் ரியிலிருந்து கவுக்குப் போகும்போது விரல் நகர்வதே கேட்கும். பள்ளம் இல்லை, வீக்கம் இல்லை. கீயை எவ்வளவு அழுத்தமாகத் தட்டுகிறீர்களோ அதைப் பொறுத்து அந்த நகர்வு மெதுவாகவோ நடுத்தரமாகவோ வேகமாகவோ அமையும். இன்னொரு நல்ல விஷயம், விப்ராட்டோவை, அதாவது ஸ்வரத்தின் நடுக்கத்தை, தனியாகக் குறைக்கலாம், சிசி 2 என்ற கட்டுப்பாட்டில் இருக்கிறது. நம் ராகங்களில் நேராக நிற்க வேண்டிய பஞ்சமத்தில் மேற்கத்திய நடுக்கம் ஏறிக்கொண்டால் காதை உறுத்தும். அதை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு, ஸ்வரம் நீள நீள மெல்ல ஏற்றினால் ஒலி நம் பக்கம் வந்துவிடும்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த லெகாட்டோ தாமதமாக ஒலிக்கும். நகர்வையே பதிவு செய்திருப்பதால், கீயை அழுத்திய பிறகு விரல் நகர்ந்து, அடுத்த ஸ்வரத்தில் போய் நிற்பதற்கு நேரம் எடுக்கிறது. மெதுவான நகர்வில் ஏறத்தாழ 333 மில்லி வினாடி, நடுத்தரத்தில் 250, வேகத்தில் 100. 72 வேகத்தில் ஒரு துடிப்பு 833 மில்லி வினாடி. அப்படியானால் மெதுவான லெகாட்டோ ஐந்தில் இரண்டு பங்கு துடிப்பு பின்தங்குகிறது. 120 வேகத்தில் அரைத் துடிப்பே 250 மில்லி வினாடிதான். நடுத்தர லெகாட்டோவில் எழுதிய ஸ்வரம் முழுசாக அரைத் துடிப்புத் தள்ளிப் போய் விழும். இது தெரியாமல் திறந்தவர்கள் லைப்ரரி கெட்டுப்போனதாகவே நினைப்பார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மெட்டை முதலில் டிஸ்கவரிலோ வேறு எதிலோ வாசித்துப் பதிவு செய்து தாளக் கட்டத்தில் சரியாக உட்காரவையுங்கள். பிறகு அந்த மிடியை (எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பை) இங்கே கொண்டுவந்து, எந்த ஸ்வரம் எந்த வேகத்தில் நகர வேண்டும் என்று அழுத்த அளவை வைத்துத் தீர்மானித்து, அந்தந்த ஸ்வரத்தை அந்தந்த அளவுக்கு முன்னால் இழுத்துவிடுங்கள். வரியின் முதல் ஸ்வரம் லெகாட்டோ இல்லை, அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. குட்டை ஸ்வரங்களுக்கு வேறு டிராக் வைத்துக்கொண்டு, டிராக் முழுவதையும் 60 மில்லி வினாடி முன்னால் தள்ளினால் போதும். பின்னர் வந்த பதிப்பில் குறைந்த தாமதத்தில் வாசிக்கும் முறையும் சேர்த்திருக்கிறார்கள். கீபோர்டில் நேரடியாக வாசித்துப் பழகியவர்களுக்கு அது ஆறுதல். ஆனாலும் முழு அழகு மெதுவான முறையில்தான் இருக்கிறது. எட்டு பார் மெட்டுக்கு இந்த வேலை அரைமணி நேரம் பிடிக்கும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் இந்த லைப்ரரியை வாங்க வேண்டாம். அவர்களுக்கு 399 டாலர் வீண்.

இலவச கான்டாக்ட் பிளேயரிலேயே இது ஓடும். வட்டில் 30 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். அதை எஸ்எஸ்டியில்தான் வைக்க வேண்டும், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் திறக்கவே நேரமாகும். ராம் 16 ஜிபி இருந்தால் ஐந்து பகுதிகளையும், எல்லா மைக்குகளையும் கலந்து தரும் மிக்ஸ் மைக்கோடு மட்டும் வைத்து நிம்மதியாக வேலை செய்யலாம். மாணவர்களுக்குச் சலுகை உண்டு. கல்லூரி அடையாள அட்டை கையில் இருப்பவர்கள் வாங்கும் முன் அதைக் கேட்டுப் பார்க்கவும். பெரிய, பளபளக்கும், பிரமாண்டப் பட டிரெய்லர் மாதிரியான ஒலி வேண்டுமென்றால் இது உங்களுக்கானதில்லை. வினோதமான பரிசோதனை ஒலிகளும் இதில் இல்லை.

சந்தாவா, சொந்தமா

ஈஸ்ட்வெஸ்ட் 2010-இல் கொண்டுவந்த ஹாலிவுட் ஸ்ட்ரிங்ஸ் 57 பேர் வாசித்தது. முதல் வயலினுக்கு மட்டும் 16 பேர். பெரிய படங்களில் கேட்கும் அந்த அகலமான பட்டு ஒலி அதில் உண்டு. லெகாட்டோவிலும் விரல் நகர்வு, வில் மாற்றம், இழுத்துப் போகும் போர்ட்டமெண்டோ என்று தனித்தனியாக இருக்கிறது. கம்போசர் கிளவுட் பிளஸ் சந்தாவில் இதோடு அந்த நிறுவனத்தின் மற்ற எல்லா வாத்தியங்களும் கிடைத்துவிடும். ஆண்டுக் கணக்கில் எடுத்தால் மாதம் 20 டாலரை ஒட்டி வரும். கேட்கும்போது சின்னத் தொகைதான். 20 மாதத்தில் அது 400 டாலர் ஆகிவிடும், கட்டுவதை நிறுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பழைய பாட்டைத் திறந்து ஒரு வரி மாற்ற வேண்டும் என்றாலும் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட வேலை கைக்கு வந்திருக்கிறது, மூன்று மாதத்தில் ஒரு படத்துக்குப் பின்னணி இசை முடித்தாக வேண்டும், ஸ்ட்ரிங்ஸோடு பிராஸும் கோரஸும் பெர்குஷனும் சேர்ந்து தேவை என்றால் சந்தா நல்ல முடிவு. அந்தச் செலவை வேலையின் கணக்கிலேயே எழுதிவிடலாம். ஓய்வு நேரத்தில் ஆண்டுக்கு நாலைந்து பாட்டு செய்பவருக்கு அது ஒத்துவராது. இன்னொன்று, இணைய வேகம். ஹாலிவுட் ஸ்ட்ரிங்ஸின் டைமண்ட் பதிப்பு மட்டுமே 300 ஜிபியைத் தாண்டும். தினசரி டேட்டா வரம்புள்ள மொபைல் இணைப்பில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போக முடியாது. இறக்கினாலும் அதற்கென்று தனி எஸ்எஸ்டி வாங்க வேண்டும், அதுவும் செலவில் சேர்த்தி.

டிஸ்கவரில் தொடங்கியவர்களுக்கு அதே வரிசையின் கோர் பதிப்புக்கு ஏறலாமே என்று தோன்றும். ஏறினால் லெகாட்டோ கிடைக்கும், பழைய பாட்டுகளில் டிஸ்கவரை எடுத்துவிட்டு கோரை அப்படியே பொருத்தலாம். முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரே ஹாலில் ஒரே குரலில் வேண்டுபவர்களுக்கு அது சரியான பாதை. ஸ்ட்ரிங்ஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு, தேவையில்லாத பசூனுக்கும் டியூபாவுக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பதாக ஆகும். மெட்டு பாடும் திறனில் சினிமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸுக்கு அது ஈடாகாது என்பது என் காது சொல்லும் தீர்ப்பு.

முழு லைப்ரரிக்குப் பணம் இல்லாதவர்களுக்கு ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸ் ஒரு வழி வைத்திருக்கிறது. அவர்களுடைய சைன் பிளேயரில் பெர்லின் ஸ்ட்ரிங்ஸின் முதல் வயலினை மட்டும் தனியாக வாங்கலாம். செல்லோ பிறகு, வசதி வரும்போது. மெட்டு வாசிப்பது முதல் வயலின்தான், கீழே ஹோல்டிங் பிடிக்க டிஸ்கவர் இருக்கிறது என்று யோசித்தால் இது சாமர்த்தியமான ஏற்பாடு. இரண்டும் வெவ்வேறு ஹாலில் பதிவானவை என்பதால் ரிவெர்ப் போட்டு ஒன்றுசேர்க்க வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் விலைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். சில லைப்ரரிகளுக்கு முழு கான்டாக்ட் தேவை. இலவச பிளேயரில் அவை 15 நிமிடம் ஓடி நின்றுவிடும். 50 டாலர் லைப்ரரியை வாங்கிவிட்டு, அதை ஓட்ட அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள மென்பொருளை வாங்க வேண்டிய நிலை வரும். அதேபோல இவற்றில் பெரும்பாலானவற்றை மறுவிற்பனை செய்ய உரிமம் இடம் தருவதில்லை. யாரோ பாதி விலைக்குத் தன் கணக்கைத் தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள். திருட்டுப் பிரதி வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். வயலின் வாசித்தவரின் உழைப்பும் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. இவ்வளவு நல்ல இலவசங்கள் இருக்கும் காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை. நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே சமயத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் விலையைக் குறைக்கும். அவசரமில்லை என்றால் அதுவரை பொறுக்கலாம்.

கமகம் என்று வந்துவிட்டால்

இந்த லைப்ரரிகள் எல்லாம் மேற்கத்திய வாசிப்பைப் பதிவு செய்தவை. லெகாட்டோ என்றால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்கு நேராகப் போய்ச் சேருவது. தோடியின் காந்தாரத்தைப் போல ஒரு ஸ்வரமே இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் அசைந்துகொண்டிருப்பது அந்தப் பதிவுகளில் எங்கும் இல்லை. ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் வீலைப் பிடித்து ஆட்டினால், பத்துப் பேரின் பதிவும் ஹாலின் எதிரொலியும் விப்ராட்டோவும் எல்லாம் சேர்ந்து ஆடும். பழைய கேசட்டில் டேப் இழுப்பது போல இருக்கும். ஹம்சத்வனி, மோகனம் போன்ற ராகங்களில் நேர் ஸ்வரங்களாக எழுதி, கார்டுகளோடு தப்பித்துக்கொள்ளலாம். சகானாவிலோ தோடியிலோ முடியாது.

தனி வயலினுக்கு மட்டும் ஒரு மாற்று உண்டு. இத்தாலியின் ஆடியோ மாடலிங் நிறுவனம் செய்யும் ஸ்வாம் வரிசை பதிவுகளை நம்பாமல், தந்தியும் வில்லும் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கை வைத்து ஒலியை உருவாக்குகிறது. அதனால் ஸ்வரத்தை எவ்வளவு வளைத்தாலும் ஒலி கிழியாது. கோப்பும் மிகச் சிறியது. ஐபேடில் கணினிப் பதிப்பைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஒலியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பிரஷனை இடைவிடாமல் ஒரு கையால் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை விட்டால் ஒலியே வராது. பிட்ச் வீலில் கமகம் வாசிப்பது வேறொரு சாதகம், கீபோர்டில் வருடக்கணக்காகக் கமகம் பழகியவர்களுக்கே அது கைவரும். மற்றவர்களுக்கு ஒலி கொஞ்சம் செயற்கையாகவே வரும், தனியாக ஒலிக்கும் இடத்தில் மறைக்க முடியாது.

எனவே கமகமுள்ள மெட்டுக்கு என் பரிந்துரை, ஒரு வயலின் கலைஞரை வைத்து வாசிக்கவைப்பது. அறுபது பேர் வேண்டாம், ஒருவர் போதும். கீழே ஹோல்டிங்கும் ஸ்பிக்காட்டோவும் டிஸ்கவரில் இருக்கட்டும். மேலே ஓடும் ஒரு வரியை மட்டும் அவர் வாசிக்கட்டும். உண்மையான வில் ஒன்று மேலே கேட்டுவிட்டால், காது கீழே இருப்பதையும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். பெரிய பட்ஜெட் இல்லாத பதிவுகளில் இப்படிச் செய்வது சகஜம். இன்று பல கலைஞர்கள் வீட்டிலேயே மைக் வைத்துப் பதிவு செய்து அனுப்பிவிடுகிறார்கள்.

அவருக்கு அனுப்பும்போது நான்கு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். தாளம் தட்டும் கிளிக்கோடு சேர்ந்த ஒரு டிராக், கிளிக் இல்லாத ஒரு டிராக். மெட்டை நீங்களே பாடியோ கீபோர்டில் வாசித்தோ செய்த டம்மி. சுருதி, அதாவது ஐந்தரைக் கட்டை என்று வாயால் சொன்னால் போதாது, சாம்பிள்கள் எந்த அளவில் சுருதி சேர்ந்திருக்கின்றனவோ அந்த ஆதார சுருதியை ஒரு நிமிடம் ஒலிக்கும் கோப்பாகவே வையுங்கள். கடைசியாக, கார்டுகள் எங்கே மாறுகின்றன என்ற குறிப்பு. கர்நாடக வயலின் கலைஞர் சுருதியை மட்டும் ஆதாரமாகக் கொண்டு வாசிக்கும்போது, உங்கள் கார்டில் இருக்கும் காந்தாரத்தோடு அவருடைய காந்தாரம் மோதக்கூடும். அந்த இடத்தில் கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு, சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் விட்டுவைப்பது நல்லது.

ஒரே வரியை இரண்டு முறை வாசித்துத் தரச் சொல்லுங்கள், கமகம் இரண்டிலும் ஒரே இடத்தில் விழும்படி. ஒன்றை நடுவிலும் மற்றதைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுக்கி எட்டு டெசிபல் குறைத்தும் வைத்து, இரண்டுக்கும் டிஸ்கவரின் ஹாலுக்குப் பக்கத்தில் வரும் அளவுக்கு ரிவெர்ப் கொடுத்தால் வரி விரிந்து கேட்கும். டிஸ்கவரின் முதல் வயலின் டிராக்கை அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். வயோலாவும் செல்லோவும் மட்டும் கீழே தொடரட்டும்.